பிள்ளையின் வேர்வை மணம் மாறும் வயது

சித்திரை முடிந்து சோளகக் காற்று இன்னும் எழும்பாத நாட்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டிலேயே பொல்லாத நாட்கள் அவைதான். பனையோலை அசையாது. புழுக்கத்தில் சுவரும் வேர்க்கிறதோ என்று இருக்கும். அப்படியொரு மத்தியானம் என் சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வழக்கம்போல ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு ஒன்பது வயது. தரம் 4 படிக்கிறாள்.

குனிந்து அவளுடைய உச்சியை மோந்தேன். தேங்காயெண்ணெயும் வெயிலும் கலந்த அந்த மணம் எனக்கு அவள் பிறந்த நாளிலிருந்து பழக்கம். அன்றைக்கு அதற்குள் வேறொன்றும் இருந்தது. வெங்காயம் வெட்டிய கையில் கழுவிய பிறகும் நிற்குமே, அதைப் போல ஒரு நெடி. அவள் கையை உயர்த்திப் பின்னலை அவிழ்த்தபோது நன்றாகவே தெரிந்தது. பெரிய ஆட்களின் கமக்கட்டு மணம். (அக்குளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.)

நான் ஒன்றும் சொல்லவில்லை. "போய் மேலைக் கழுவிப்போட்டு வாங்கோ பிள்ளை, சாப்பிடுவம்" என்று அனுப்பிவிட்டு, அவள் கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

அன்றிரவுக்குள் எனக்கு மூன்று அறிவுரைகள் கிடைத்தன. அவர், "ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன வேர்வை மணம்? உமக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றார். அம்மா, "தேசிக்காயைப் பாதியா வெட்டித் தேய்ச்சு விடு, நாங்கள் அப்பிடித்தானே செய்தனாங்கள்" என்றா. கனடாவிலிருந்து தொலைபேசியில் மச்சாள், "இங்க அந்த வயசிலேயே பிள்ளையள் டியோடரன்ட் பாவிக்குதுகள். நான் நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க ஒரு பெட்டி கொண்டு வாறன், அதுவரைக்கும் அங்க ஏதாவது வாங்கிக் குடும்" என்றா. மூன்று பேரும் பிள்ளையில் அன்பு உள்ளவர்கள்தான். ஆனால் எனக்கு இருந்த கேள்வி மூவரிடமும் இல்லை. எதை வாங்குவது என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்தக் கேள்வி எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்ல, 1992க்குப் போக வேண்டும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கம், சவர்க்காரம் அதைவிடத் தங்கம். சவர்க்காரக் கட்டி ஒன்று கிடைத்தால் அம்மா அதை நூலால் அறுத்து நாலு துண்டாக்கி, மூன்றை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பா. உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். பழத்தைப் பிசைந்து, அந்தக் களியைத் தண்ணீரில் கரைத்து, அதில் உடுப்பைப் போட்டு அலசுவோம். அழுக்குப் போகும். ஆனால் வெள்ளைச் சட்டை வெள்ளையாக இராது, இலேசாக மஞ்சள் ஓடியிருக்கும். கொடியில் காயப் போட்டால் மாடு வந்து சப்பும். ஒருமுறை என்னுடைய சட்டைக் கையை அப்படியே மென்று வைத்திருந்தது.

அந்த ஆண்டுதான் என் உடம்பும் மாறத் தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. ஒருநாள் கணக்குப் பாடத்தில் கரும்பலகைக்குப் போய்க் கையை உயர்த்தி எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆசிரியர் மூக்கைச் சுளித்தார். "நாளைக்குக் குளிச்சுப்போட்டு வா" என்றார். மெதுவாகச் சொல்லவில்லை. வகுப்பு சிரித்தது. நான் அன்று காலையில் குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் நான் கை உயர்த்தியதே இல்லை. விடை தெரிந்தாலும் உயர்த்துவதில்லை. இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வலைப்பந்து விளையாட்டை விட்டேன். என் அம்மாவிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் ஒளித்து வைத்த சவர்க்காரத்தை எடுத்துத் தந்துவிடுவா என்று தெரியும். என்னைவிட மோசமாகக் காயப்பட்ட பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகளை "மீன் வெடுக்கு" என்று கூப்பிட்ட காலம் அது. அவர்கள் மீது வெடுக்கே இல்லாத நாளிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மணத்தைச் சொல்லி ஒரு பிள்ளையை ஒதுக்கினால், அந்தப் பிள்ளை மறுத்துப் பேச வழியே இல்லை. தன் மணம் தனக்குத் தெரியாது என்பதால் மற்றவர் சொல்வதை அப்படியே நம்பிவிடும்.

சரி. இப்போது சின்னவளுக்கு வருகிறேன்.

முதலில் அவளை வைத்தியரிடம் காட்டினேன். நெடுநாள் குழந்தைகளைப் பார்த்து வரும் அம்மா அவர். உயரம், நிறை எல்லாம் எடுத்து, பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கமக்கட்டிலோ கீழேயோ மயிர் தெரிகிறதா, முகத்தில் பரு வருகிறதா, திடீரென்று நெடுத்தாளா, மார்பு வளரத் தொடங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ. இது வாற வயசுதான்" என்றார்.

அவர் சொன்னதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் நாற்பது வயது கடந்தும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

நம் தோலில் இரண்டு விதமான வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒன்று உடம்பு முழுக்கப் பரந்து, இருபது முதல் நாற்பது இலட்சம் வரை இருக்கும். பிறந்ததிலிருந்து வேலை செய்யும். அதில் வருவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும், உடம்பைக் குளிரவைக்கத்தான் அது. சின்னப் பிள்ளைகள் வெயிலில் ஓடித் தொப்பையாக நனைந்து வந்தாலும் அவர்களில் நெடி அடிக்காதது இதனால்தான். மற்றது பெரும்பாலும் கமக்கட்டிலும் இடுப்புக்குக் கீழும் முலைக்காம்பைச் சுற்றியும் இருப்பது. அதுவும் பிறக்கும்போதே இருக்கிறது, ஆனால் உறங்கிக் கிடக்கும். சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி வைத்தது போல இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் ஆறு, ஏழு, எட்டு வயதளவில் சில ஓமோன்களை மெல்லச் சுரக்கத் தொடங்கும். அந்தச் செய்தி எட்டியதும்தான் உறங்கிக் கிடந்தவை விழிக்கும்.

இவற்றில் சுரப்பது கொழுப்பும் புரதமும் கலந்த, சற்றுத் தடித்த திரவம். சுரந்தவுடனே மோந்தால் ஒன்றும் தெரியாதாம். தோலில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அதை உடைத்துத் தின்னும்போது வெளிவரும் அமிலங்களும் கந்தகச் சேர்வைகளும்தான் நெடி. வெங்காயத்தின் நெடியும் கந்தகச் சேர்வையால் வருவதுதான். அன்றைக்கு என் மூக்கு பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அந்தக் கணித ஆசிரியர் சொன்னதிலுள்ள பிழையும் விளங்கியது. காலையில் குளித்த பிள்ளைக்கும் பத்து மணி வெயிலில் மணக்கும். அது ஊத்தை இல்லை, வளர்ச்சி.

வயதுக் கணக்கு ஒன்றைப் பெற்றோர் எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னும், ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னும் இப்படியான பெரிய ஆட்களின் மணம் வந்தால், கடைக்கு ஓடாமல் வைத்தியரிடம் போங்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இராது, அதிரீனல் கொஞ்சம் முந்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அதோடு மயிர், பரு, திடீர் வளர்த்தி என்று சேர்ந்து வந்தால் பார்க்கத்தான் வேண்டும். தேவைப்பட்டால் கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள், இரத்தம் சோதிப்பார்கள். இன்னொன்றும் உண்டு. பிள்ளையின் மூச்சில் பழம் அழுகியது போன்ற இனிப்பு மணம், அதோடு தீராத தண்ணீர்த் தாகம், அடிக்கடி சலம் போதல், மெலிவு என்று கண்டால் அது நீரிழிவாக இருக்கலாம். அதற்கு ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

ஆக, எந்த வயதில் டியோடரன்ட் தொடங்குவது என்ற கேள்விக்கு வயது விடை இல்லை. ஒரு பிள்ளைக்கு எட்டரையில் வரும், இன்னொன்றுக்குப் பன்னிரண்டிலும் வராது. கொரியாவில் பெரும்பாலானவர்களுக்கு வளர்ந்த பிறகும் கமக்கட்டு மணம் மிகக் குறைவு. காதுக் குறும்பி ஈரமாக இருக்குமா உலர்ந்து இருக்குமா என்று தீர்மானிக்கும் அதே மரபணுதான் அதற்கும் காரணமாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நம் பிள்ளையை ஒப்பிட்டுப் பார்ப்பது புலமைப்பரிசில் புள்ளியிலேயே நல்லதில்லை, இதில் சுத்தமாக நல்லதில்லை. மணம் மாறியிருக்கிறதா, கழுவினால் போகிறதா, போகாவிட்டால் அது பிள்ளைக்கு இடைஞ்சலாக இருக்கிறதா. பார்க்க வேண்டியவை இவைதான்.

வைத்தியர் எனக்கு முதலில் எழுதித் தந்தது தண்ணீரும் சவர்க்காரமும். சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் நிறைய, கரைப்பக்கக் கிணறுகளில் உவரும் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. நுரைக்காத சவர்க்காரம் தோலிலும் துணியிலும் பிசுபிசுப்பாகப் படிந்து நிற்கும். சின்னவள் குளிக்கிற குளிப்பைக் கவனித்தேன். முதுகில் இரண்டு வாளி, முகத்தில் சவர்க்காரம், முடிந்தது. கமக்கட்டுக்குள் கையே போவதில்லை. அவளைப் பிழை சொல்ல முடியாது, நான்தான் அதைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கு. வெந்தயம் அரைத்து வைத்திருந்தேன். இப்போது எல்லா நாளும் தாங்கித் தண்ணீர்தான், ஞாயிறு மட்டும் இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போவோம். வாழைகளுக்கு நடுவில், யாரும் இல்லாத இடம். தலையில் வெந்தயத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே தொடங்கினேன். முகத்துக்கு முகம் பார்க்காமல் கதைப்பது எனக்கும் அவளுக்கும் சுகமாக இருந்தது.

"பிள்ளை, நீங்கள் இப்ப வளருறீங்கள். வளரேக்க வேர்வையின்ர மணம் கொஞ்சம் மாறும். எனக்கும் மாறினது, அண்ணாக்கும் மாறினது."

"என்னில மணக்குதோ?"

இல்லை என்று சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. "பின்னேரத்தில கொஞ்சம். சவுக்காரம் போட்டுக் கழுவினாப் போயிடும்" என்றேன்.

"ஆருக்கும் தெரியுமோ?"

"எனக்குத் தெரியும். நான்தானே உங்கட சட்டை தோய்க்கிறனான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "அப்ப நான் சாமத்தியப்படப் போறனோ?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. போன மாதம்தான் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தோம். மண்டபம், மேடை, பல்லக்கு, ட்ரோன் வைத்து வீடியோ. சின்னவளுக்கு அதைப் பார்த்ததிலிருந்து ஒரு பயம் இருந்திருக்கிறது. இல்லை பிள்ளை, அதற்கு இன்னும் காலம் கிடக்கிறது, இது அதற்கு எவ்வளவோ முன்னமே வருகிற ஒன்று என்று சொன்னேன். வழக்கமாக மார்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்குப் பிறகுதான் மாதவிடாய் வரும், வேர்வை மணமோ சில பிள்ளைகளில் மார்பு வளர்வதற்கும் முன்னரே வந்துவிடுகிறது. "வந்தாலும், நீங்கள் விரும்பாட்டி வீடியோ எடுக்க மாட்டன்" என்றும் சொன்னேன். அவள் தோள் இறங்கியது என் கைக்குத் தெரிந்தது.

பிறகு கமக்கட்டை எப்படிக் கழுவுவது என்று காட்டினேன். கையால் நுரையாக்கித் தேய்ப்பது, நன்றாக அலசுவது, துவாயால் ஒற்றி ஈரம் போகத் துடைப்பது. ஈரமாக விட்டால் பற்றீரியாவுக்குக் கொண்டாட்டம். காலையில் ஒருமுறை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருமுறை. அப்புறம் உடுப்பு. ஒருநாள் போட்ட சட்டையையும் உள்ளே போடும் சிமிசையும் மறுநாள் போடுவதில்லை. முன்பு சிமிசை இரண்டு நாள் போட விடுவேன், அது என் பிழை. பொலியெஸ்டர் கலந்த துணி பருத்தியைவிட நெடியைப் பிடித்து வைத்திருக்கும். தோய்த்துக் காய்ந்த பிறகும், உடம்புச் சூடு பட்டதும் மறுபடி கிளம்பும். உட்சட்டையாவது முழுப் பருத்தியாக இருக்கட்டும் என்று மாற்றினேன். கமக்கட்டுப் பகுதியை உட்புறமாகத் திருப்பி, சவர்க்காரம் போட்டுக் கசக்கி, வெயிலில் காய விடுகிறேன். யாழ்ப்பாணத்து வெயிலால் இந்த ஒரு நன்மையாவது உண்டு.

அம்மா சொன்னபடி தேசிக்காய் தேய்க்க நான் சம்மதிக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் மூத்தவன் ஊறுகாய்க்குத் தேசிக்காய் பிழிந்த கையோடு வெளியே போய்க் கிரிக்கெட் விளையாடினான். இரண்டாம் நாள் கையெல்லாம் சிவந்து கொப்பளித்து, பிறகு கறுத்த தழும்பு பல கிழமை நின்றது. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அப்படித்தான் எரிக்கும். அப்பச்சோடாவும் வேண்டாம். அது தோலின் இயல்பான அமிலத் தன்மையைக் கெடுத்து எரிச்சல் தரும். முகப் பவுடர் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், நெடியை நிறுத்தாது, வேர்வையோடு சேர்ந்து களியாகும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவ கோபிக்கவில்லை. "அப்ப எங்களுக்கு ஆர் இதெல்லாம் சொன்னது" என்றா. அதில் எனக்குத் துக்கம் வந்தது.

மூன்று கிழமை இப்படிப் போனது. நெடி பெரும்பாலும் நின்றுவிட்டது. விளையாட்டுப் பாடம் உள்ள நாட்களில் மட்டும் வந்தது.

இந்த இடத்தில் மூத்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னவளில் நான் காட்டிய கவனத்தை அவனில் காட்டவில்லை. அவனுக்குப் பதின்மூன்று. ஒரு வருடமாக ஸ்பிறே அடிக்கிறான். காலையில் அறைக் கதவைத் திறந்தால் இருமல் வரும். பெடியன் ஸ்ரைல் காட்டுகிறான் என்று நானும் அவரும் நினைத்துக்கொண்டோம். ஒருநாள் ரியூசன் விட்டு முகம் செத்து வந்தான். தகரக் கொட்டகை, மத்தியான வெயில், எண்பது பிள்ளைகள். வகுப்பு தொடங்குமுன் பெடியன்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று ஸ்பிறே அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு இழுப்பு நோய். மூச்சு இழுக்கத் தொடங்கி, தகப்பனைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. நல்ல காலம், அந்தப் பிள்ளையின் பையில் பம்ப் இருந்தது.

இரவு அவன் பக்கத்தில் போய் இருந்து, ஏன் அவ்வளவு அடிக்கிறாய் என்று கேட்டேன். "எனக்கு மணக்குதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லயம்மா. ஆனா சொல்லிப்போடுவினமோ எண்டு பயம்" என்றான்.

என் பிள்ளை. நான் பட்ட அதே பயத்தை என் வீட்டிலேயே, எனக்குப் பக்கத்து அறையிலேயே, ஒரு வருடமாகத் தனியாகப் பட்டிருக்கிறான். பெண்பிள்ளைக்கென்றால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து, ஊரைக் கூட்டி, நீ வளர்ந்துவிட்டாய் என்று சொல்கிறோம். அதுவும் மற்ற விஷயங்களைச் சொல்லாமல்தான். பெடியனுக்கு அதுகூட இல்லை. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, மணம் மாறுகிறது, எல்லாவற்றையும் அவன் விளம்பரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

விளம்பரம் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்கும்? அமெரிக்காவில் 1888 அளவில் 'மம்' என்ற பெயரில் முதல் டியோடரன்ட் விற்பனைக்கு வந்தபோது அதைப் பெரிதாக ஒருவரும் வாங்கவில்லை. குளித்தால் போதும் என்றுதான் ஆட்கள் நினைத்தார்கள். 1919இல் 'ஒடோரோனோ' என்ற வேர்வைத் தடுப்பியின் விளம்பரம் ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்தது. உன் மீது மணக்கிறது, உனக்கு அது தெரியாது, மற்றவர்கள் உன் முகத்துக்கு முன் சொல்ல மாட்டார்கள் என்ற பயத்தைப் பெண்களுக்குள் போடும் விளம்பரம். கோபப்பட்டு ஏறத்தாழ இருநூறு பேர் அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதையே நிறுத்தினார்களாம். ஆனால் அந்தப் பொருளின் விற்பனை இரட்டிப்புக்கு மேல் ஏறியது. நூறு வருடம் கழித்து, கொக்குவிலில் ஒரு வீட்டு அறைக்குள் என் மகன் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வசனம்தான்.

அடுத்த நாள் அவரே மகனைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள், பின்னேரம் சைக்கிளில் ரவுணுக்குப் போய் ஒரு றோல் ஒன் வாங்கி வந்தார்கள். ஸ்பிறே இப்போது வீட்டில் இல்லை. மூடிய அறைக்குள் அடித்தால் மூச்சுக்குக் கூடாது, அடுப்புக்குக் கிட்ட வைத்தால் தீப்பிடிக்கும், தோலுக்கு மிகக் கிட்டப் பிடித்து நெடுநேரம் அடித்தால் குளிர்ந்தே தோல் வெந்துவிடும். அதிலுள்ள வாயுவை விளையாட்டுக்கு முகர்ந்து பார்த்தால் இதயம் நின்று உயிரே போகலாம். இந்த வயதுப் பெடியன்கள் உள்ள வீட்டில் அது தேவையில்லாத பொருள் என்பது என் முடிவு.

வாங்கும்போது ஒரு விஷயம் பார்க்க வேண்டும். டியோடரன்ட் வேறு, வேர்வைத் தடுப்பி வேறு, கடையில் இரண்டும் ஒரே தட்டில் ஒரே மாதிரிப் போத்தலில் நிற்கும். முதலாவது பற்றீரியாவைக் குறைத்து, வாசனையால் மீதியை மூடும், வேர்வையை நிறுத்தாது. இரண்டாவதில் அலுமினிய உப்பு இருக்கும். அது வேர்வை வரும் வாயைத் தற்காலிகமாக அடைக்கும். அலுமினியத்தால் மார்புப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. அப்படி ஒரு தொடர்பை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை, தோல் வழியாக உடம்புக்குள் போகும் அலுமினியம் மிகச் சொற்பம். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் பாவிக்க வேண்டும். அலுமினியம் இல்லாத இயற்கைக் கல் என்று விற்கும் பளிங்குக் கட்டியும் நம் சலூனில் சவரம் செய்த பிறகு தடவும் படிகாரம்தான், அதுவும் அலுமினிய உப்புத்தான்.

ஆனாலும் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு வேர்வையை அடைக்க வேண்டிய தேவை என்ன? சின்னவளுக்கு நான் தேர்ந்தது வாசனை குறைந்த, அலுமினியம் இல்லாத சாதாரண றோல் ஒன். முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்த்தோம், ஏனென்றால் இவற்றில் பெரும்பாலும் ஒவ்வாமை தருவது வாசனைப் பொருள்தான். விளையாட்டு உள்ள நாட்களில் மட்டும், கழுவித் துடைத்த பிறகு, ஒரு தடவு. விடுமுறை நாட்களில் இல்லை. மூத்தவனுக்கு வேர்வையே ஆறாக ஓடும் என்பதால் வேர்வைத் தடுப்பி. அதை இரவில், உலர்ந்த தோலில் பூசினால்தான் நன்றாக வேலை செய்யும் என்பது எங்களுக்கு எல்லாம் புதுச் செய்தி. வெள்ளைச் சட்டையின் கமக்கட்டு மஞ்சளாவதற்கும் அந்த அலுமினியம் வேர்வையோடு சேர்வதுதான் காரணம். அதற்குக் குளோரின் போட்டால் மஞ்சள் இன்னும் கூடும், போடாதீர்கள்.

ஆவணியில் மச்சாள் வந்தா. சொன்னபடியே பெட்டி நிறைய. சின்னவளுக்கென்று பூப்படம் போட்ட மூன்று ஸ்ரிக். நான் சங்கடப்பட்டுக்கொண்டு நிற்க, சின்னவளே ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "மாமி, இது நல்ல வாசம். ஆனா எனக்கு வாசம் கூடினது வேண்டாமாம், இதை நீங்கள் பாவியுங்கோ" என்றாள். சபையில், எல்லோருக்கும் முன்னால், ஒரு துளி வெட்கம் இல்லாமல். மச்சாள் சிரித்து அவளைக் கட்டிப்பிடித்தா. அந்த நிமிடத்தை நான் நெடுநாள் மறக்க மாட்டேன்.

அடுத்த நாள் வளவில் பனம்பழம் ஒன்று விழுந்து கிடந்தது. முழுகிக்கொண்டிருக்கும்போது சின்னவளிடம் என் கதையைச் சொன்னேன், கரும்பலகை, ஆசிரியர், எல்லாம். அவள் அந்த ஆசிரியரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பனம்பழத்தில் உடுப்புத் தோய்ப்பது எப்படி என்று கேட்டாள். சரி என்று பழத்தைப் பிசைந்து வாளியில் கரைத்து, அவளுடைய கைலேஞ்சி ஒன்றைப் போட்டு அலசிக் காட்டினேன். ஈரத்தோடு அதை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள்.

"இது நல்ல மணம்தானே அம்மா" என்றாள். பிறகு அதை மாட்டுக்கு எட்டாத உயரத்தில், கொடியின் நடுவில், இரண்டு கையையும் நன்றாக உயர்த்தி விரித்துப் போட்டாள்.